கை வைத்தவன் பெயர்

அவன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அவனைச் சாமியாக்கிவிட்டார்கள்.

பழைய புல்லட்டின் போர்டு ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். காலையில் போனைத் திறந்தால் ஒரே பூமாலை. மேதை என்கிறார் ஒருவர். பண்பின் சிகரம் என்கிறார் இன்னொருவர். அமெரிக்காவில் இருப்பவர் ஒருவர், "அவருக்குக் கோபமே வராது" என்று எழுதி, கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்களைப் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களில் பாதிப் பேர் அவனை நேரில் பார்த்ததே இல்லை. கோபம் வராதாம்! நான் எழுதிய ஒரு புரோகிராமைப் பார்த்துவிட்டு மூன்று நாள் எனக்குப் பதில் எழுதாமல் இருந்தவன் அவன். அந்த புரோகிராம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஏன் ஓடுகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்கு அந்தக் கோபம்.

"நீங்கதான் சார் அவருக்கு ரொம்ப நெருக்கம். நாலு வரி எழுதுங்களேன்" என்று குழுவில் எல்லோரும் கேட்கிறார்கள். எழுதுகிறேன். நாலு வரியில் முடியாது. படித்துவிட்டு யாரும் கைகூப்ப வேண்டாம். அவன் பெயரை இதில் எங்கும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் தெரியும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைத்து வைத்திருந்தார். நாம் இங்கிருந்து மோடம் போட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டால் உள்ளே நுழைந்து கடிதம் எழுதி வைக்கலாம், மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம். அதுதான் புல்லட்டின் போர்டு. இருந்தது ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்களுக்கு என்கேஜ்டு சத்தம். அதனால் அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டதே கிடையாது. இன்று கேட்டால் நாளை பதில் இருக்கும்.

நான் அப்போது பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். படித்தது கணிதம். கம்ப்யூட்டரைப் பற்றி என் மாணவர்களைவிட ஒரு வாரப் பாடம் கூடுதலாகத் தெரியும். அந்த லட்சணத்தில், மதியம் சாப்பாட்டு நேரத்தில் போர்டுக்குள் போய் ஒரு கேள்வி கேட்டேன். என் புரோகிராம் தேதிகளைத் தப்பாகக் கூட்டுகிறது, மெமரி போதவில்லை என்று நினைக்கிறேன், என்ன செய்யலாம் என்று.

மறுநாள் 'மடவை' என்ற பெயரில் பதில் இருந்தது. மடவை என்பது வலையைத் தாண்டிக் குதித்து ஓடும் ஒரு மீன். போர்டில் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம், அவன் அதை வைத்திருந்தான். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். "நீ இன்னா நெனக்கிறனு அப்பால சொல்லு. மொதல்ல இன்னா நடந்துச்சுனு சொல்லு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இருந்தாலும் சொன்னேன். அவன் இன்னொரு கேள்வி கேட்டான். அதற்கும் சொன்னேன். பத்து நாள் இப்படி இழுத்தடித்து, பிழையை என் கையாலேயே கண்டுபிடிக்க வைத்தான். மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து அவனுக்கு "டியர் சார்" போட்டுத்தான் எழுதினேன். எட்டு மாதம் எழுதினேன்.

ஒருநாள் அவன், "நேத்து ரெண்டு மணிக்கு லைன் செத்துப்போச்சு. பொன்னேரில எவனோ பள்ளம் நோண்டி ஒயர அறுத்துட்டானாம்" என்று எழுதியிருந்தான். அந்தப் பள்ளத்தை நான் சென்டர் ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன். அந்த ஒயர் போவது பழவேற்காட்டுக்கு. சென்னையில் ஏதோ பெரிய கம்பெனியில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்திருந்த சார், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பழவேற்காட்டில் இருந்தார்.

இடத்தை எழுதிக் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியின் ஆபீஸ். ஏரிக்கரையில் ஷீட் போட்ட கட்டடம், அதற்குள் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு ஏ.சி. அறை. சென்னை ஆபீசுக்கு அன்றாட எடை விவரத்தை அனுப்ப மோடம் வைத்திருந்தார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். லுங்கி, முழங்கையில் செதில். பத்தாவது படித்தவன். நான் கை நீட்டினேன். அவன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான், அப்புறமும் கொடுக்கவில்லை.

"நாறும் வாத்யாரே" என்றான். "சென்டர்ல பாடம் எடுக்குறவரு நீதானே? சார் மோர்னு இனிமே எழுதின, பதில் போட மாட்டேன் ஆமா."

அன்று முதல் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் என்னை வாத்தியார் என்று கூப்பிட்டான். கிண்டல்தான். ஆனால் ஒருதடவைகூட என் படிப்பைக் குத்திப் பேசியதில்லை.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது. புரோகிராமில் ஒரு வரியைத் தொட்டால், தொட்டவன் பக்கத்திலேயே தன் பெயரையும் என்ன செய்தான் என்பதையும் எழுத வேண்டும். "கை வெச்சவன் பேரு போடணும்" என்பான். அது அவன் வீட்டு வலையிலிருந்து வந்தது. கிழிந்த வலையைத் தைத்தவர் ஓரத்தில் தன் நூல் துண்டு ஒன்றை முடிந்து வைக்க வேண்டும். அவன் நைனாவுக்குச் சிவப்பு, அவனுக்குப் பச்சை. மறுபடி அதே இடம் கிழிந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். திட்டுவதற்காக இல்லையாம். தைத்தவனுக்குத்தான் அந்த இடம் எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்குமாம்.

தன் தப்பை ஒத்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு பேராசையே உண்டு. சொல்கிறேனே, பேராசைதான். போர்டில் ஒரு இன்ஜினியருக்கு ஒருதடவை பிழையான வழி சொல்லிவிட்டான். அந்த ஆளுக்கே அது தெரியாது. இவனாக மறுநாள் எல்லோரும் படிக்கிற பகுதியில், "தப்பு என்னுது" என்று தலைப்புப் போட்டு, எங்கே கோட்டை விட்டேன், ஏன் விட்டேன் என்று இரண்டு பக்கம் எழுதினான். சென்னைப் பையன்கள் சிரித்தார்கள். இவன் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பில் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியவில்லை. அவன் மனைவி முகம் சுருங்குவதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

"தப்பு என்னுது. அது போட்டுச்சு, பாக்காம நானும் ஒரு தபா போட்டேன்."

"இத்த மட்டும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரி" என்றாள் அவள். "அண்ணே, மோர் ஊத்திக்கோங்க."

அதுவரை அவன் என்னுது என்று சொன்ன தப்பெல்லாம் மெய்யாகவே அவனுடையவை. ஒன்றுகூடப் பொய் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாடு விஷயத்துக்கு வருகிறேன். பழவேற்காடு ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு சில இடங்களில்தான் கொட்டும். அந்த இடத்தில் ஊர்கள் முறை வைத்து வலை கட்டும். இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு அடுத்த ஊர், நாளன்றைக்கு மூன்றாவது ஊர். இதற்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆனதும் ஒருவனுக்குப் பாட்டில் இடம் கொடுப்பார்கள், அவனுக்குப் பின் அவன் மகனுக்கு. அங்கே ஒருவனுக்கு வீடு இல்லாமல் இருக்கலாம். பாடு இல்லாதவன் ஊர்க்காரனே இல்லை.

முறை கேட்பதற்குச் சுலபம். நடைமுறையில் சண்டைதான். திருவிழா, புயல், அமாவாசை, சாவு என்று நிற்கிற நாள்கள் நடுவில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம். நோட்டில் எழுதி வைத்ததை ஒரு ஊர் ஒருவிதமாகவும் இன்னொரு ஊர் வேறுவிதமாகவும் படிக்கும். அவன் தன் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லி, மூன்று ஊரையும் சம்மதிக்க வைத்து, பாட்டுக்கு ஒரு புரோகிராம் எழுதினான். மூன்று மாதத்துக்கான முறை பிரின்டரில், ஓரத்தில் ஓட்டை போட்ட காகிதத்தில் வரும். மூன்று ஊர்க் கோயில் சுவரிலும் ஒட்டுவார்கள். நடுவில் நாள் எதுவும் நின்றால் அதைச் சேர்த்துப் புதுத் தாள் அடித்துக் கொடுப்பான். இரண்டு வருஷம் ஏரியில் ஒரு சண்டை இல்லை. பேப்பர் சொன்னால் சரி என்று ஆகிவிட்டது. போர்டில் எத்தனையோ வித்தை காட்டியவன், பெருமையாகப் பேசியது இந்த ஒரு புரோகிராமைப் பற்றி மட்டும்தான்.

அதில் ஒரு வரி இருந்தது. முறை உள்ள ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு மூன்று ஊருமே வலை கட்டாது. தேதி நகரும், முறை நகராது. துக்கத்தில் இருந்த ஊருக்கே மறுநாளும் பாடு. அந்த வழக்கத்துக்கான வரி.

அவன் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று மனைவியோடு சுண்ணாம்புக்குளம் போனான். ஒரு வாரம் ஆகும் என்றான். அதற்குள் புதுத் தாள் எதுவும் தேவைப்பட்டால் அடித்துக் கொடு என்று ப்ளாப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். நான் சும்மா இருந்திருக்கலாம். மதியம் வேலை இல்லாமல் புரோகிராமைத் திறந்து படித்தேன். அந்த வரி கண்ணில் பட்டது. தேதி நகர்கிறது, முறை நகரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆகா, பையன் இங்கே கோட்டை விட்டிருக்கிறான்!

அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மூன்று வருஷமாக என் பிழைகளையே தோண்டி எடுத்தவனுடைய பிழை ஒன்று என் கையில் கிடைத்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை. நான் ஏரிக்காரன் இல்லை. பொன்னேரியில் ரைஸ்மில் கிளார்க்கின் மகன். சாவுக்கு ஏரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது. வரியை எடுத்தேன். என் பெயரைப் போடவில்லை. அவன் வந்ததும் எதிரில் உட்கார வைத்து, நேரில் காட்டி, அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் அவன் ஊரில் ஒரு பெரியவர் இறந்தார். அன்று அவர்கள் முறை. ஆள் பொன்னேரிக்கு வந்து விவரம் சொன்னார். நான் புதுத் தாள் அடித்துக் கொடுத்தேன். நான் வரியை எடுத்திருந்ததால், அதில் மறுநாள் பாடு தெற்கே இருக்கிற ஊருக்கு என்று வந்திருந்தது. அதைத்தான் மூன்று கோயில் சுவரிலும் ஒட்டினார்கள்.

விடிந்ததும் இரண்டு ஊரும் வலையோடு போய் நின்றன. அவன் ஊர்க்காரர்கள், சாவு விழுந்தா பாடு எங்களுக்குத்தான், நேத்து இன்னிக்கு வந்த வழக்கமா என்றார்கள். தெற்கு ஊர்க்காரர்கள், பேப்பரைப் பார், நீங்கள் கொண்டு வந்த பேப்பர்தானே என்றார்கள். வலைகளை அறுத்தார்கள். படகு தள்ளுகிற கழியால் அடித்துக்கொண்டார்கள். தெற்கு ஊரில் ஒருவருக்கு வலது கண் போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

தகவல் கேட்டு அவன் ஓடி வந்தான், என்னிடமிருந்து ப்ளாப்பியை வாங்கிக்கொண்டான். நேராக ஆபீசுக்குப் போய்த் தன்னிடம் இருந்த பிரதியையும் அந்த ப்ளாப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். எனக்கு அது அப்போது தெரியாது. மறுநாள் மூன்று ஊர்க் கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருந்தான். மணலில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவனுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். நான் வெறுமனே தாளை அடித்துக் கொடுத்தவன் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

பெரியவர் ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "இதுல முறைய மாத்தி போட்டது யாரு?" என்று கேட்டார்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. சொல்லத்தான் போனேன் என்று பின்னால் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்தான்.

"தப்பு என்னுது" என்றான்.

அவன் சொன்னால் சரியாக இருக்கும். அவன்தான் தன் தப்பைத் தானே சொல்கிறவன் ஆயிற்றே! ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பாட்டிலிருந்து அவன் பெயரை எடுத்தார்கள். அவனும் அவன் வாரிசும் இனி ஏரியில் வலை வைக்கக் கூடாது என்றார்கள். அப்போது அவன் மகனுக்கு இரண்டு வயது.

கூட்டம் கலைந்ததும் கரையில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா அப்படிச் சொன்ன? எடுத்தது நான்டா!"

"தெரியும் வாத்யாரே. வுடு."

"எப்படி விடறது? இப்பவே போய்ச் சொல்றேன்."

"சொல்லி? வெளியாளு பாட்டுல கை வெச்சான்னு தெரிஞ்சா ஒன்ன இங்கயே பொளந்துடுவானுங்க. ப்ளாப்பிய ஒன் கைல குடுத்தது யாரு? நாந்தானே. அது என் தப்பா இல்லியா?"

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா ஒன் பேரு வரும்" என்றான். ஏதோ பால் வாங்கப் போகிறவன் மாதிரி சாதாரணமாகச் சொன்னான். "போ. கடைசி பஸ்ஸு பூடும்."

நான் போனேன். நாளை வந்து சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த நாளை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நீண்டது.

சில வாரங்களில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில், பிழையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். "என்ன நினைக்கிறேன் என்பதை ஒதுக்கிவிட்டு, என்ன நடந்தது என்று முதலில் பார்ப்பேன்" என்றேன். அசந்துபோனார்கள். அவன் வார்த்தையை விற்று வேலை வாங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவனோ மனைவி ஊரான சுண்ணாம்புக்குளத்துக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தான். போர்டு மூடும்வரை, மூடிய பின்னும் மெயிலில், குழுவில், கேட்டவனுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தான். இன்றைக்குப் பூமாலை போடுகிறவர்கள் எல்லாம் அந்தக் கடையில் ஜெராக்சுக்கும் ஜெராக்சுக்கும் நடுவில் அவன் எழுதிய பதிலைப் படித்து ஆளானவர்கள். எனக்கும் எழுதுவான். "வாத்யாரே, இத்த பாரு, எங்கனா இடிக்குதா?" என்று. ஏரியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். அவன் பெரிய மனதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒருவன் நமக்காக ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சொல்லியும் காட்டாவிட்டால், அவன் எதிரில் எப்படி நிமிர்ந்து உட்கார்வது?

அவன் செத்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவன் மனைவி ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஓரத்தில் ஓட்டை போட்ட பழைய தாள். பாடு புரோகிராம். எடுத்த வரியை அவன் திரும்பச் சேர்த்திருந்தான். பக்கத்தில் சட்டப்படி குறிப்பு இருந்தது: "இந்த வரியை எடுத்தது நான். திரும்பப் போட்டதும் நான்." கீழே அவன் பெயர்.

எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். கூட்டத்தில் சொன்னதாவது அந்த நேரத்துப் பேச்சு. இது எழுத்து. கை வைத்தவன் பெயர் போட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன், தன் புரோகிராமிலேயே பொய் எழுதி வைத்திருக்கிறான். என்னுடைய தப்பு அது. என்னுடையது! அதை எடுத்துக்கொள்ள இவன் யார்?

"அண்ணே" என்றாள் அவள். "அந்த வரிய எடுத்தது அவரு இல்ல."

நான் தாளைக் கீழே வைத்தேன்.

"அங்க சண்டைனு சேதி வர்ற வரிக்கும் அவரு இந்த ஊட்லதான் இருந்தாரு. எங்க நைனாவுக்கு மூச்சு வாங்கிக்கினு இருந்துச்சு, தலமாட்ட வுட்டு நகரல. மிசினு எங்க கீது இங்க? எனக்குத் தெரியாதுனு நெனச்சீங்களா?"

"நீ கேட்டிருக்கலாமேம்மா."

"நான் எதுக்குக் கேக்கணும்?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் சகிக்க முடியவில்லை. "வருசா வருசம் பொங்கலுக்கு வருவீங்க. இன்னிக்கு சொல்லுவீங்க, இன்னிக்கு சொல்லுவீங்கனு பாப்பேன். ஸ்வீட் பாக்ஸ வெச்சுட்டு பூடுவீங்க. எம் புள்ள இன்னிக்கு கன்டெய்னரு யார்டு கேட்ல நின்னுக்கினு லாரிக்கு சீட்டு குடுக்குது. ஏரிய தாண்டித்தான் வேலைக்கு போவுது. அதுல ஒரு வல வெக்க முடியாது. அவரு கேக்க வாணாம்னாரு, கேக்கல. இப்ப அவரு இல்ல. நான் கேக்குறேன். சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

மூன்று ஊரும் கூடும் நாளில் போனேன். அவன் மகன் பைக்கில் பழவேற்காடு படகுத் துறைவரை கொண்டுவந்து விட்டான். "நான் வர்ல. நீங்க போயி சொல்லிட்டு வாங்க" என்று கரையிலேயே நின்றுகொண்டான்.

அதே மணல். பழைய பெரியவர்கள் பலர் இல்லை. பேப்பர் முறையும் எப்போதோ ஒழிந்து மறுபடி நோட்டுதான். நின்றுகொண்டு சொன்னேன். எடுத்தது நான், ஏன் எடுத்தேன், ஏன் சொல்லவில்லை, மூன்றையும் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெற்கு ஊர்க்காரர்கள் நடுவிலிருந்து ஒரு கண் போன அந்த மனிதர் எழுந்து வந்தார். தலை நரைத்துவிட்டது. என் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்று, இருந்த ஒரு கண்ணால் பார்த்தார்.

"அப்ப அவன் மேல நான் வெச்சினு இருந்த கோவத்த இன்னா பண்றது?" என்றார்.

அவரே மேலே சொன்னார்.

"வழில பாத்தா மூஞ்ச திருப்பிக்குவேன். ரெண்டு தபா எங்கூட்டு வாசல்ல வந்து நின்னான். உள்ள வானு சொல்லல. சாவுக்கு எங்கூர்ல ஒருத்தனையும் போவ வுடல. பொணத்து மேலயும் கோவமா இருந்தேன்டா நானு!" அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்று, கீழே இறங்கியது. "ஒன்ன அடிச்சா அது தீருமா? போ அந்தாண்ட."

ஊர்ப் பெரியவர் நோட்டைத் திறந்து என்னிடம் நீட்டினார். "சொன்னத எழுதிக் குடு. பையன் பேர ஏத்துறத மூணு ஊரும் பேசித்தான் முடிவு பண்ணணும். ஆனா எழுத்து வாணும்." எழுதிக் கொடுத்தேன்.

துறையில் படகு ஒதுங்கியதும் அவன் மகன் ஓடி வந்தான்.

"சொல்ட்டீங்களா? இன்னா ஆச்சு?"

"சொல்லிட்டேன்ப்பா. அவங்க மனசு இளகும்னுதான் நினைக்கிறேன். நிச்சயமா ஒரு…"

"நீங்க இன்னா நெனக்கிறீங்கனு வாணாம்" என்றான் அவன். அதே குரல், அதே வெடுக்கு. "இன்னா நடந்துச்சுனு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். இங்கேயும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அவன் பெயர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கக் கூடாத இடத்தில் இருந்துவிட்டது. அந்த ஓட்டைக் காகிதத்தில் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் என் கையெழுத்தில் எழுதி, அவன் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். குழுவில் இருப்பவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த வரியை எடுத்தது நான். தேவசகாயம், பொன்னேரி.